பார்த்ததுக்கு முந்நூறு ரூபாயா?

மொதல்ல ஒரு கேள்வி கேட்டுக்கறேன். உங்க வண்டியை அரைமணி நேரம் பார்த்துட்டு, "பெருசா ஒண்ணுமில்லீங்ணா, ஒரு ஒயர் தான் போயிருக்கு"ன்னு சொல்ற மெக்கானிக்குக்கு எவ்வளவு கொடுப்பீங்க? ஒரு டீ வாங்கித் தருவோம். மனசு வந்தா ஐம்பது ரூபாய். அதே வண்டியைக் கழட்டிப் போட்டு இருபதாயிரத்துக்கு பில் நீட்டுறவருக்கு? ஆயிரம், ரெண்டாயிரம் குறைச்சுக் கொடுத்துட்டு, நல்லா பேரம் பேசிட்டோம்னு மீசையைத் தடவிக்கிட்டு வருவோம்.

நாம ஏமாறுறதுக்கு இந்தக் கணக்கு தான் காரணம்னு சொல்றேன். கோபப்படாம கேளுங்க. ஏன்னா நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்க வீட்டுல இருக்கிறது மாருதி 800, 2006 மாடல். அம்மாவை கோபி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது, தவிடு புண்ணாக்கு ஏத்திட்டு வர்றது எல்லாமே அதுல தான். ஒரு வியாழக்கிழமை புளியம்பட்டி சந்தைக்குப் போயிருந்தேன். கூட்டத்துல நின்னு நின்னு நகர்றப்ப ஹீட் முள் சரசரன்னு மேலே ஏறிடுச்சு. முன்னாடி ஆவி வேற. ஓரம் கட்டி, நல்லா ஆறவிட்டு, தண்ணி ஊத்திக் கிளம்பினேன். மெயின் ரோட்டுக்கு வந்ததும் முள் இறங்கி நடுவுல நின்னுடுச்சு. வீடு வர்ற வரைக்கும் அசையல.

மறுநாள் டவுன்ல ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பானெட்டைத் தூக்கினார், தண்ணி குறைஞ்சிருக்கிறதைப் பார்த்தார். "ஹெட் கேஸ்கெட் போயிருச்சுங்க. ஹெட்டை இறக்கி லேத்துல கொடுத்து ஃபேசிங் பண்ணணும். அப்படியே ரேடியேட்டர், வாட்டர் பம்ப் ரெண்டையும் மாத்திருங்க. பழைய வண்டி பாருங்க" என்றார். மொத்தம் 22,500 ரூபாய். இஞ்சினை ஸ்டார்ட் கூடப் பண்ணல.

அதுக்கு நான் கேட்ட ஒரே கேள்வி என்ன தெரியுமா? "கொஞ்சம் குறைச்சுக்க முடியுங்களா?" அவரும் பெருந்தன்மையா 20,000-க்கு இறங்கினார். எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேக்கத் தோணவே இல்ல. தீவனச் செலவு போக எங்களுக்கு அது மூணு மாசப் பால் காசு. கையில அவ்வளவு இல்லாததால தான் அன்னைக்கு வண்டியை அங்கே விடல. புத்தியால தப்பிச்சேன்னு நினைச்சுக்காதீங்க.

டீக்கடையில ஒருத்தர், "தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசிரு, எல்லாம் சரியாயிரும்" என்றார். அதைக் கழட்டினா இஞ்சின் சூடு பிடிக்கவே நேரமாகும், பெட்ரோல் தான் கூடுதலாக் குடிக்கும். என் மச்சான் தான் பக்கத்து ஊர்ல டிராக்டரும் பழைய காரும் பார்க்கிற பெரியவர்கிட்டக் கூட்டிட்டுப் போனார்.

அவர் பானெட்டைத் தொடறதுக்கு முன்னாடி, "முள் எப்பங்க ஏறுது? ஓடறப்பவா, நிக்கறப்பவா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியிலேயே பாதி வேலை முடிஞ்சது. வண்டி ஓடறப்ப எதிர்க்காத்தே ரேடியேட்டரை ஆத்திடும். நிக்கறப்ப ஃபேன் சுத்தினா தான் ஆறும். நின்னா மட்டும் சூடேறுதுன்னா மொதல்ல ஃபேனைத் தானே பார்க்கணும்?

இஞ்சின் நல்லா ஆறியிருந்ததால ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். சூடா இருக்கறப்ப யாரும் திறந்துடாதீங்க, மூஞ்சி வெந்துரும். ஸ்டார்ட் பண்ணித் தண்ணியைப் பார்த்தார், விடாம நுரைச்சு வர்ற குமிழி எதுவும் இல்ல. ஆயில் மூடிக்கு அடியில பாலாடை மாதிரி வெள்ளை இல்ல. சைலன்சர்ல வெள்ளைப் புகையும் இல்ல. கேஸ்கெட் போயிருந்தா இதுல ஏதாவது ஒண்ணு பெரும்பாலும் காட்டிக் கொடுக்கும். அப்புறம் மூடியைப் போட்டு ஓடவிட்டார். முள் ஏறிச்சு, ஃபேன் அசையல. ஃபேனுக்கு நேரா பேட்டரியில இருந்து கரண்ட் கொடுத்தார், சுத்துச்சு. ஒயரைப் பிடிச்சுக்கிட்டே போனார். எலி கடிச்சு வெச்சிருக்கு! கட்டுத்தாரைக்குப் பக்கத்துல தவிட்டு மூட்டையோட வண்டியை நிறுத்துறவன் நான். எலிக்கு நானே வெத்தலை பாக்கு வெச்சிருக்கேன்.

ஒயர் வேலைக்கு 150. வண்டி பார்த்த கூலி 300. மேல் ஹோஸ் உப்பியிருக்கு, இந்த மாசத்துக்குள்ள மாத்திருங்கன்னும் சொன்னார்.

என் வாய் சும்மா இருக்கல. "பார்த்ததுக்கு முந்நூறு ரூபாயாங்க?" என்றேன்.

அவர் சிரிக்கல. "ஹெட் போயிருச்சுன்னு சொல்லியிருந்தா இதைக் கேட்டிருக்க மாட்டீங்கல்ல?" என்றார்.

பதில் சொல்ல முடியாம எடுத்துக் கொடுத்துட்டு வந்தேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. கண்டுபிடிக்கிற வேலைக்குக் கூலி இல்லைன்னு ஊரே சொல்லிட்டா, மெக்கானிக் எதுல பிழைப்பார்? ஸ்பேர் வித்து, ஹெட் இறக்கித் தான் பிழைக்கணும். கடை வாடகை இருக்கு, பசங்க சம்பளம் இருக்கு. முதல்ல பார்த்தவரைத் திருடன்னு நான் சொல்லல. தண்ணி குறைஞ்சதைப் பார்த்து அப்படியே நம்பிக்கூட இருக்கலாம். ஆனா சோதிச்சுப் பார்க்க அவருக்கு நாம ஒரு காரணமும் கொடுக்கலியே.

தோட்டத்துலயும் இதே கதை தானுங்க. மண் பரிசோதனை நிலையத்துக்கு ஒரு பை மண் கொண்டு போக நேரமில்ல. மருந்துக் கடைக்காரர்கிட்ட ஒரு இலையை நீட்டறோம், அவர் நாலு பாட்டிலை எடுத்து வைக்கிறார். யோசனை இலவசம், பாட்டிலுக்குக் காசு. ஓசி யோசனை மாதிரி விலை அதிகமானது எதுவும் இல்ல.

அதனால பெரிய செலவு சொன்னாங்கன்னா, பேரத்தை அப்புறம் வெச்சுக்கங்க. மொதல்ல, "எதை வெச்சு இப்படிச் சொல்றீங்க, எனக்கும் காட்டுங்க"ன்னு கேளுங்க. உண்மையிலேயே கேஸ்கெட் போயிருந்தா குமிழியைக் காட்டுவார், இல்ல கம்ப்ரஷன் அளந்து காட்டுவார். வேற எதனால இருக்கலாம், அதுல செலவு குறைஞ்சது எது, அதை மொதல்ல பார்த்தாச்சான்னு கேளுங்க. ஸ்பேர், லேபர், லேத் வேலை தனித்தனியா எழுதி வாங்குங்க. கழட்டின பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்க. பில் தர மறுக்கிறதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே முறையற்ற வணிகம்னு சொல்லுது. இதையெல்லாம் கேட்டா கோபப்படுறவர்கிட்ட வண்டியை விடாதீங்க.

"பழைய வண்டிக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி, வித்துத் தொலை"ன்னு சிலர் சொல்வாங்க. வித்தா என்ன கிடைக்கும்ங்கறது என் கணக்கே இல்ல. அந்த வண்டி இல்லாம நடுராத்திரியில அம்மாவை எதுல கூட்டிட்டுப் போவேன்ங்கறது தான் கணக்கு. ஆனா ஒண்ணு, 15 வருஷம் தாண்டின வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருக்கா ஆர்.சி. புதுப்பிக்கணும். தரை துருப்பிடிச்சு ஓட்டையாயிருந்தா, இஞ்சின்ல காசைக் கொட்டறதுக்கு முன்னாடி அதைப் பார்த்துருங்க.

தள்ளிப்போடறதும் தப்பு தான். ஹெட் அலுமினியம். ஃபேன் ஓடாம இன்னும் நாலு சந்தைக்குப் போயிருந்தேன்னா, இல்லாத கேஸ்கெட் கோளாறு நிஜமாவே வந்திருக்கும்.

போன வாரம் ஹோஸ் மாத்தறதுக்கு அந்தப் பெரியவர்கிட்டப் போனேன். பிரேக்கையும் ஒருக்கா பார்த்துருங்க, பார்க்கிற கூலி எவ்வளவுன்னு நானே மொதல்ல கேட்டேன். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துட்டு, "உக்காருங்க, கழட்டிப் பார்த்துச் சொல்றேன்" என்றார்.