வீடு மாறும் நாளில் ஃப்ரீஸர் காலியாக இருக்கட்டும்

தில்லியில் படிக்கும் தமிழ் மாணவர்க்கு வீடு மாறுவது புதிதன்று. பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்தவுடன் முனிர்க்காவிலிருந்து விஜய் நகருக்கும், கட்வாரியா சராயிலிருந்து முகர்ஜி நகருக்கும் மூட்டை கட்டுகிறோம். புத்தகங்களைப் பெட்டியில் அடுக்குகிறோம். பாத்திரங்களைத் துணியில் சுற்றுகிறோம். ஃப்ரீஸரில் இருப்பதைப் பற்றி மட்டும், டெம்போ வாசலில் வந்து நின்ற பிறகுதான் நினைக்கிறோம். அன்னையார் கொடுத்தனுப்பிய மீன் வறுவல், துருவிய தேங்காய், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய வஞ்சிரம், பொட்டலப் பரோட்டா, யாவும் ஒரு பைக்குள் திணிக்கப்படுகின்றன. புது வீட்டில் அவை மீண்டும் ஃப்ரீஸருக்குள் போகின்றன. இவ்வழக்கத்தை நாம் அடியோடு விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து.

"பயணம் ஒன்றரை மணி நேரந்தானே?" என்று நண்பர்கள் கேட்கலாம். நாம் கணக்கிட வேண்டியது உணவு குளிரிழந்து கிடக்கும் நேரத்தை. மின் இணைப்பைப் பிடுங்கிய கணத்திலேயே அந்தக் கணக்குத் தொடங்கிவிடுகிறது. படிந்த பனி உருகிப் பெட்டியைத் துடைக்க வேண்டும். மாடியிலிருந்து இறக்க வேண்டும். நெரிசலைக் கடக்க வேண்டும். மறுபடியும் மாடியேற்ற வேண்டும். பெட்டியைப் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால், கம்ப்ரஸரின் எண்ணெய் தன் இடத்திற்குத் திரும்பச் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே மின்சாரம் கொடுக்கலாம். அதன் பின்னும் ஃப்ரீஸர் பூச்சியத்திற்குக் கீழே 18 டிகிரிக்கு இறங்கப் பல மணி நேரமாகும். ஆக, ஒன்றரை மணிப் பயணம் ஒரு முழுப் பகலாக நீண்டுவிடுகிறது!

அந்தப் பகலோ தில்லிக் கோடைப் பகல். 2024 மே 29 அன்று சஃப்தர்ஜங்கில் வெப்பம் 46.8 டிகிரியை எட்டியது. உருகிவிட்ட மீனும் இறைச்சியும் சமைத்த உணவும் வெளியில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருத்தலாகாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரமே எல்லை என்பது உணவுப் பாதுகாப்பு அறிஞர்கள் கூறும் விதி. டெம்போவின் தார்ப்பாயின் கீழ் அந்த ஒரு மணி எத்தனை விரைவில் கழியும்!

"நன்றாகக் கொதிக்க வைத்தால் போகிறது" என்பது மற்றொரு வாதம். குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, பெரும்பாலானவற்றை உறங்க வைக்கிறது, அவ்வளவே. உணவு உருகியதும் அவை விழித்துப் பெருகுகின்றன. கொதிநீரில் கிருமி சாகலாம். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் உமிழ்ந்துவைத்த நஞ்சு கொதித்தாலும் அழியாது. மீண்டும் உறைய வைப்பதாலும் அந்நஞ்சு நீங்காது. முந்நூறு ரூபாய் மீனைக் காக்கப் போய், தேர்வு நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனையில் கிடப்பது சிக்கனமா?

1833ஆம் ஆண்டிலேயே பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் பனிக்கட்டி வரவில்லையா எனலாம். வந்தது. டூடர் என்ற வணிகர் ஏறத்தாழ 180 டன் ஏற்றி அனுப்பினார். நான்கு மாதக் கடற்பயணத்தின் முடிவில் ஏறத்தாழ 100 டன் எஞ்சியது. அவ்வணிகத்திற்காகச் சென்னையில் எழுந்த ஐஸ் ஹவுஸ்தான் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. ஆனால் அங்கே குளிரைக் காத்தது அந்தப் பெரும் குவியல். நிறைந்திருக்கும் பெரிய ஃப்ரீஸர், கதவைத் திறவாதிருந்தால், மின்சாரம் நின்ற பிறகும் ஏறத்தாழ 48 மணி நேரம் குளிரைக் காப்பதும் அதனால்தான். நம் பையிலுள்ள நான்கு பொட்டலங்களுக்கு அந்த வலிமை ஏது?

ஆகவே, வீடு மாறும் நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே ஃப்ரீஸருக்கு எதுவும் வாங்குவதை நிறுத்துவோம். மீனையும் இறைச்சியையும் முதலில் சமைத்துத் தீர்ப்போம். தேங்காயை வறுத்துப் பொடியாக்குவோம். சிறிது எஞ்சினால், முந்திய நாள் காலையிலேயே, உறைய வைத்த தண்ணீர்ப் புட்டிகளோடு தெர்மோகோல் பெட்டியில் இறுக அடுக்கி, புது வீட்டருகே உள்ள நண்பரின் ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரீஸரில் சேர்ப்போம். போய்ச் சேரும்போது உள்ளே பனித்துகள் இருந்தால் வைக்கலாம்; மென்மையாகி, வெதுவெதுப்பாகியிருந்தால் தயங்காது எறிந்துவிட வேண்டும்.

எல்லாவற்றினும் நல்ல வழி ஒன்றுண்டு. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு பக்கத்து அறைத் தோழர்களை அழைத்து, இருப்பதையெல்லாம் சமைத்து, ஒரே பந்தியாக உட்கார்ந்து உண்போம். மகனோ மகளோ நோயின்றி உண்ண வேண்டும் என்றுதானே அன்னையர் அனுப்புகின்றனர்? அவர்கள் அன்பைத் தார்ப்பாயின் கீழ் வேகவிடுவதைக் காட்டிலும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே அதற்கு நாம் செய்யும் மரியாதை. பெட்டி காலியாகப் போகட்டும்; வயிறும் நெஞ்சும் நிறைந்து நாம் போவோம்!