பெஹாலாவில் கால்களைப் பறித்த எண்ணெய்

1988 ஜூலையில் கொல்கத்தாவின் பெஹாலா பகுதியில் ஏறத்தாழ 600 பேர் முடக்குவாதத்திற்கு உள்ளாயினர். அவர்கள் ரேஷன் கடையில் வாங்கிய ரேப்சீடு எண்ணெயில் டிரைகிரெசில் பாஸ்பேட் கலந்திருந்தது. பிளாஸ்டிக்கை இளக்கவும் இயந்திர எண்ணெய்களில் சேர்க்கவும் ஆலைகள் பயன்படுத்தும் வேதிப்பொருள் அது.

இந்த நஞ்சின் கொடுமை அதன் தாமதத்தில் இருக்கிறது. உட்கொண்ட ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழித்தே கெண்டைக்காலில் வலி தொடங்கும். பிறகு பாதம் தொங்கும், கை மணிக்கட்டும் துவளும். உடலின் மிக நீண்ட நரம்புகளையே அது முதலில் அழிக்கிறது. அதற்குள் அந்த எண்ணெய் அடுப்பங்கரையில் தீர்ந்தே போயிருக்கலாம். நோயாளி ஒருவரை மட்டும் பார்க்கும் மருத்துவர் போலியோ என்றோ கில்லன்-பாரே நோய் என்றோ ஐயுறுவது இயல்பு. ஒரே தெருவில் பலர் விழுந்திருக்கிறார்கள் என்று அறிந்தால்தான், 'என்ன நோய்?' என்ற கேள்வி 'எந்த எண்ணெய்?' என்று மாறும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 1977-78இல் அப்படித்தான் மாறியது. 20க்கும் மேற்பட்ட இளம் தமிழ்ப் பெண்கள் நடக்க இயலாது போயினர். பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெய் குடிக்கக் கொடுக்கும் நம் வழக்கத்தை விசாரித்தறிந்த பிறகே அவ்வெண்ணெயில் இதே நஞ்சு இருந்தது புலப்பட்டது. மருத்துவர்கள் சேனநாயக்கவும் ஜெயரத்னமும் 1981இல் 'லான்செட்' இதழில் இதை எழுதினர். வீட்டு வழக்கத்தைக் கேட்டறியும் பொறுமையும் மருத்துவத்தின் ஒரு கருவிதான்.

இதற்கு மாற்று மருந்து இல்லை. கைகால் நரம்பு மெல்ல மெல்லத் தளிர்க்கும். தண்டுவடம் பாதிக்கப்பட்டிருந்தால் பின்னாளில் கால் விறைத்துக்கொள்ளும். அதுவரை கணுக்கால் மூட்டு இறுகிப்போகாதபடி தாங்குபட்டையும் நாள்தோறும் இயன்முறைப் பயிற்சியும் வேண்டும். 1959இல் மொராக்கோவின் மெக்னெஸ் நகரை ஒட்டி, விமான இயந்திர எண்ணெய் கலந்த சமையல் எண்ணெயால் 10,000 பேர் முடங்கியபோது பல நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தினர் சென்று செய்தது பெரும்பாலும் இதைத்தான்.

1988இல் மேற்கு வங்கத்தை ஆண்டது இடது முன்னணி. இதைச் சொல்லாமல் கடப்பது நமக்கு அழகல்ல. வணிகரின் பேராசை உண்மையே. எனினும் மக்கள் நம்பியது ரேஷன் என்ற பெயரை. எண்ணெய் கடைக்கு வருமுன் அதைச் சோதிப்பது, யார் ஆண்டாலும், அரசின் கடமை. இதை ஒப்புக்கொண்டால் ரேஷனை ஒழித்துப் பணமாகக் கொடுக்கச் சொல்வோருக்கு வாய்ப்பாகும் எனச் சில தோழர்கள் அஞ்சுவர். கையில் பணத்தைக் கொடுத்துச் சில்லறை எண்ணெய் டின்னின் முன் நிறுத்திவிட்டால், அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது?

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 65ஆம் பிரிவில், கொடுங்காயத்திற்கான இழப்பீட்டை 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல் நிறுத்துகிறது. நின்று உழைத்தே பிழைக்கும் தொழிலாளிக்கு இரு பாதங்களின் விலை அது! இவ்வுச்சவரம்பை நீக்கக் கோரும் தீர்மானங்கள் நம் தொழிற்சங்கங்களிலிருந்து எழ வேண்டும். ஆரம்பச் சுகாதார நிலையந்தோறும் நிரந்தர இயன்முறை மருத்துவர் என்ற கோரிக்கையும் உடன் வரட்டும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. பெஹாலாவின் 600 பேருக்கு ஆண்டுக்கணக்கில் தேவைப்பட்டதும் அதுவே.