எண் வந்தாச்சு, மார்க் எங்கே?

ஒரு புள்ளை படிச்சதா இல்லையா என்பதை அந்தப் புள்ளை சொன்னால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. பதிவேடு சொல்லணும். வாத்தியார் மேசையில் இருந்த அந்தப் பதிவேடு இன்று 'எமிஸ்' என்ற பெயரில் கணினிக்குள் போய்விட்டது. மாணவர் ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் எண். பள்ளி மாறினால் பழைய பள்ளி விடுவிக்கணும், பெயர் பொதுத் தொகுப்புக்குப் போகும், புதிய பள்ளி அதிலிருந்து எடுத்துச் சேர்க்கணும். எண் இப்படி நகர்ந்துவிடும். புள்ளை எழுதிய பரீட்சையும் வந்த நாட்களும் கூடவே ஒழுங்காக வந்து சேருகிறதா என்பதுதான் கேள்வி.

தாம்பரத்திலிருந்து கேம்ப் ரோடு, மேடவாக்கம் தாண்டினால் பெரும்பாக்கம். அதற்கும் அப்பால் செம்மஞ்சேரி, கண்ணகி நகர். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பிடுங்கப்பட்ட நம் சனங்களைக் குடிசை மாற்று வாரியம் கொண்டுவந்து குவித்த இடங்கள் இவை. 2021இல் வாரியம் பெயரை மாற்றிக்கொண்டது. குவித்தது குவித்தபடியே கிடக்கிறது.

2019 டிசம்பரில், படிப்பாண்டின் நடுவில், சத்தியவாணி முத்து நகர் மக்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றினார்கள். தலித் தலைவர் ஒருவரின் பெயர் தாங்கிய நகர் அது. அடுத்த மார்ச்சில் ஊரடங்கு. 2020 ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புத் தேர்வை அரசு ரத்து செய்தது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 சதம், வருகைக்கு 20 சதம் என்று கணக்குப் போட்டது. டிசம்பரில் வீடு இழந்து, பள்ளிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வீசப்பட்ட புள்ளைக்கு வருகை எங்கிருந்து வரும்? இடித்தது அரசு. ஆப்சென்ட் புள்ளைக்கு. 2021இல் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இதே கதை: பத்தாம் வகுப்பு மார்க் 50 சதம், பதினொன்று 20, பன்னிரண்டின் செய்முறை, அகமதிப்பீடு 30. தேர்வே இல்லாத காலத்தில் பழைய பதிவேடுதான் தேர்வு.

காசுள்ள வீட்டுப் பிள்ளை ஆன்லைனில் பரீட்சை எழுதினால் மார்க் தானாகவே பள்ளிக் கணக்கில் ஏறும். நம்ம வீட்டில் ஒரே போன், அதையும் அப்பன் வேலைக்கு எடுத்துட்டுப் போயிருப்பான். கல்வித் தொலைக்காட்சி பாடம் சொல்லும், மார்க் போடாது.

வாத்தியார் மேல் பழி போட்டுத் தப்பிக்கவும் கூடாது. எமிஸில் விவரம் ஏற்றுவதற்கே நேரம் போகுது, பாடம் எப்போ நடத்துறது என்று ஆசிரியர் சங்கங்களே கத்துகின்றன.

பதிவேட்டில் என்ன எழுதப்படும் என்பது நமக்குப் பழைய சண்டை. பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியர். பறையர், பஞ்சமர் என்பதை நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுதவேண்டும் என மாகாண சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார், 1922இல் ஆணை வந்தது. இழிபெயரை அழிக்க அந்தச் சண்டை. புள்ளையின் உழைப்பு அழியாமல் காக்க இந்தச் சண்டை.

நாம் கேட்பது இதுதான். படிப்பாண்டின் நடுவில் ஒரு குடிசையையும் தொடாதே. மாற்றித்தான் ஆகணும் என்றால், லாரியில் சாமான் ஏறும் முன்னே மார்க்கும் வருகையும் புதிய பள்ளிக்குப் போய்ச் சேர்ந்திருக்கணும். அதை வாரியமும் கல்வித்துறையும் செய்யணும், ஆயா அலையக்கூடாது. இடித்த நாட்களை ஆப்சென்ட் ஆக்காதே. கணினியில் இருப்பதைத் தமிழில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டுப் பெற்றோர் கையில் கொடு.

கணினியும் கணினியும் பேசிக்கொள்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பேங்க் கடன் பாக்கி ஊர் மாறினாலும் நம்மைத் தேடி வருது. புள்ளையோட மார்க்குக்கு மட்டும் வழி தெரியலையா?