18 கோடிக்கு ஒரு கீப்பர்! டோனிக்கு வாரிசு தேடிய வம்பு

நெல்லையில் சண்டை என்றால் சண்டை, அப்படி ஒரு வாய்ச்சண்டை! வாய்க்கால் தகராறு அல்ல. வரப்புத் தகராறும் அல்ல. சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு விலை கொடுத்து ஒரு விக்கெட் கீப்பர் தேவையா என்பதுதான் வழக்கு!

2025 நவம்பர் 15-ந்தேதி அறிவிப்பு வந்தது. ராஜஸ்தான் அணியில் இருந்த சஞ்சு சாம்சன் 18 கோடி ரூபாய்க்குச் சென்னைக்கு வந்தார். பதிலுக்கு ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனார்கள். வண்ணாரப்பேட்டை டீக்கடை முதல் பாளை மார்க்கெட் வரை ரசிகர்கள் இரண்டு கட்சி ஆனார்கள்.

"ஜடேஜாவைக் கொடுக்க எப்படிலே மனசு வந்துச்சு?" இது ஒரு கட்சி. 2023 இறுதி ஆட்டத்தில் கடைசி 2 பந்தில் 10 ரன் வேண்டும். முதல் பந்து சிக்சர். அடுத்தது பவுண்டரி. கோப்பை கைக்கு வந்தது. அந்த மனுசனைப் பண்டமாற்று பண்ணலாமா?

"டோனிக்கு 44 வயசு ஆச்சு வே. இன்னும் எத்தனை நாளைக்கு அவரே குனிஞ்சு நிப்பாரு?" இது எதிர்க்கட்சி.

எதிர்க்கட்சி பக்கமே நியாயம். 2025-ல் சென்னை 14 ஆட்டம் ஆடி ஜெயித்தது 4 தான். 10-வது இடம், அதாவது கடைசி! (9-வது இடம் ராஜஸ்தான். கடைசிப் பெஞ்சுக்காரர்கள் இரண்டு பேர் சரக்கு மாற்றிக்கொண்ட கதை.) அப்போது ஜடேஜாவுக்கு வயது 36. சாம்சனுக்கு 31. திருவனந்தபுரத்துக்காரர். நெல்லைக்குச் சென்னையை விட அந்த ஊர்தான் கிட்ட!

இன்னொரு கீப்பரா?

அதோடு விட்டார்களா? டிசம்பர் 16-ந்தேதி அபுதாபி ஏலத்தில் ராஜஸ்தான் பையன் கார்த்திக் சர்மாவை எடுத்தார்கள். வயது 19. கேட்பு ஆரம்பித்த விலை 30 லட்சம். முடிந்தது 14 கோடியே 20 லட்சம். அவரும் கீப்பர்!

கடைக்காரர்கள் கணக்குப் போடட்டும். சாம்சன் 18 கோடி. சர்மா 14.20 கோடி. டோனிக்கு 4 கோடி. மொத்தம் 36.20 கோடி. ஒரு அணி செலவழிக்க அனுமதி 125 கோடி. ஒரே கையுறைக்குக் கால்வாசிக்கு மேல் போய்விட்டது!

கோளாறு விலையில் இல்லை. 2008-ல் இருந்து டோனி நிற்கிறார். அவருக்குப் பின்னால் யார் என்று முன்கூட்டியே ஒரு ஆளைத் தயார் பண்ணவில்லை. அங்கேதான் கோளாறு.

ஆள் இல்லாமலா? தினேஷ் கார்த்திக் சென்னைப் பையன். 2008 முதல் 2024 வரை 6 அணிகளுக்கு ஆடினார். சென்னை மட்டும் கூப்பிடவே இல்லை.

கோவை ஜெகதீசன் கதை அதைவிட மோசம். 2018-ல் எடுத்தார்கள். பெரும்பாலும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். 2022 நவம்பர் 15-ந்தேதி கழற்றிவிட்டார்கள். ஆறே நாள்! நவம்பர் 21-ந்தேதி விஜய் ஹசாரே போட்டியில் 141 பந்தில் 277 ரன் விளாசினார். ஒருநாள் ஆட்டத்தில் அதுவரை உலகத்தில் யாரும் அடிக்காத ரன்!

சங்கர் நகர் மைதானத்தில் டி.என்.பி.எல். நடக்கும்போது வேலிக்கு வெளியே டென்னிஸ் பந்தில் கீப்பிங் பழகும் பையன்களும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

2025-ல் ரிஷப் பண்டுக்குக் காலில் அடிபட்டது. ஓவல் டெஸ்டுக்கு மாற்று கீப்பராக இந்திய அணி லண்டனுக்கு அழைத்தது யாரை? அதே ஜெகதீசனை!