காஸ்ட்லி சென்ட்டும் ஏசி ஆபீசும்

மச்சான் துபாய்லேர்ந்து ஒரு சென்ட் கொண்டு வந்தார். பேரு வேணாம், விலை மட்டும் எங்க வீட்டு ஒரு மாச வாடகை! மர வாசமும் அம்பரும் கலந்த வகை. 2015-ல பக்காரா ரூஜ் 540 வந்ததுக்கப்புறம் இந்த வகைக்கு செம மவுசு.

அம்பர்னதும் திமிங்கிலம்னு பயப்படாதீங்க. இப்போ பெரும்பாலும் ஆம்ப்ராக்சன்தான். கிளாரி சேஜ்ங்கிற செடியிலேர்ந்து எடுக்கற பொருளை வச்சு செய்யறாங்க. லேசுல ஆவியாகாது. துணியில அடிச்சா மறுநாளும் நிக்கும்.

வாசனை பிரமாதம். தினமும் ஆபீசுக்கு அடிச்சேன். நாலாம் நாள் எனக்கு வாசனையே தெரியல. அஞ்சாறு தடவை அமுக்கினேன். பக்கத்து சீட் பொண்ணு தயங்கித் தயங்கி, "அண்ணா, தப்பா நினைக்காதீங்க, ரெண்டு நாளா தலைவலி"ன்னாங்க. கூசிப் போயிட்டேன்.

பழகின வாசனையை நம்ம மூக்கு கண்டுக்காம விட்டுடும். அடுத்தவங்க மூக்கு விடாது. அதனால என் கட்சி இதுதான்: கல்யாணம், ராத்திரி விருந்துன்னா ஒரே ஒரு அமுக்கு. மூடின ஏசி ரூமுக்கு, குளிச்ச சோப்பு வாசனையே போதும். காசு நம்மளுது, காத்து எல்லாருக்கும்தானே?

மாற்றுக் கருத்து இருக்கறவங்க வந்து கும்முங்க :)