மறைத்து வைத்த நெடுவரிசைகள்

சில வருடங்களுக்கு முன்னால், நான் அப்போது வேலை பார்த்த நிறுவனத்தில், ஒரு எக்ஸெல் ஃபைல் என் கைக்கு வந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அந்த மாதிரி ஃபைல் ஓஎம்ஆரின் பல கண்ணாடிக் கட்டடங்களில் இருக்கும். நிறுவனம் பல வருஷமாக வாங்கிச் சேர்த்த ஓவியங்கள், சிற்பங்களின் பட்டியல், இருநூற்றுச் சொச்சம் வரிகள். ஓவியர் பெயர், தலைப்பு, அளவு, இருக்கும் இடம் ('நாலாவது மாடி, பான்ட்ரி எதிரில்'). அதற்கு வலது பக்கம் வாங்கிய தேதி, விலை, யார் மூலம், யார் கையெழுத்து, எந்தக் கணக்குத் தலைப்பு. முக்கால்வாசிப் படங்கள் 'ஃபர்னிச்சர் அண்ட் ஃபிட்டிங்ஸ்' தலைப்பில் இருந்தன. நாற்காலியும் கேன்வாஸும் ஒரே கணக்கு.

ஆண்டு விழாவுக்காக ஒரு மூத்த ஓவியரை அழைத்திருந்தார்கள். எங்கள் சேகரிப்பிலிருந்து அவரே தேர்ந்தெடுத்து ஒரு கண்காட்சி வைப்பார். அவர் படங்களைத் திருப்பிப் பார்க்க ஒரு சின்ன வெப் ஆப் செய்து தருவது என் வேலை. எல்லா நெடுவரிசைகளையும் போட்டுக் காட்டினேன். மேனேஜர் பார்த்துவிட்டு, "அவருக்கு எதுக்குப்பா இதெல்லாம், ஆர்ட் டீட்டெயில் மட்டும் காட்டு" என்றார். சரி என்று வலது பக்கத்தை எடுத்துவிட்டேன். நாலு நிமிஷ வேலை.

ஓவியர் முப்பது படங்களை எடுத்தார். நன்றாகவே எடுத்தார். பான்ட்ரி எதிரில் தினமும் காபியோடு கடந்துபோன படத்தை நான் முதன்முறையாகப் பார்த்தது அந்தக் கண்காட்சியில்தான். தேர்வு நடந்துகொண்டிருந்தபோது ஒரு இளம் ஓவியரின் படத்தில் நின்று, "இந்தப் பையனோடது இன்னும் இருக்கா தம்பி?" என்று கேட்டார். "பதினொன்னு இருக்கு சார்." "பதினொன்னா? எப்ப வாங்கினாங்க?"

எனக்குத் தெரியும். பதினொன்றும் ஒரே நாளில், ஒரே பில்லில். ஒரு படத்தின் விலை, அதற்குப் பிறகு போட்ட ஃபிரேமின் விலையைவிடக் குறைவு. "அந்த டீட்டெயில் இல்ல சார்" என்று சொன்னேன்.

இந்தக் கட்டுரை அந்தப் பொய்யிலிருந்து வருகிறது. அதனால் இதில் கொஞ்சம் கோபம் இருக்கும், அதில் பாதி என்மேல்தான்.

'ஆர்ட்டிஸ்ட்-க்யூரேட்டட்' என்று ஒரு போஸ்டர் வந்தால் நம்மில் பலருக்கு உடனே ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. அதிகாரி இல்லை, கலைஞனே தேர்ந்தெடுத்திருக்கிறான், அப்படியானால் சுத்தம். பெருநிறுவனங்கள் இந்த நம்பிக்கையை நமக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டன. இந்த வகையில் எனக்குத் தெரிந்த மிக நேர்த்தியான உதாரணம் பாரிஸின் கார்ட்டியே அறக்கட்டளை. நகை, கைக்கடிகார கார்ட்டியேதான். 1984-இல் தொடங்கி, சமகாலக் கலையை வாங்கிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சேகரிப்பை அர்ஜென்டினா ஓவியர் கில்லெர்மோ குயிட்காவிடம் மூன்று முறை கொடுத்தார்கள்: 2014-இல் பாரிஸில் 'வசிப்பவர்கள்', 2017-இல் பியூனோஸ் ஐரிஸில் 'வருகையாளர்கள்', 2021-இல் மிலானின் திரியென்னாலேயில் 'குடிமக்கள்'. மிலானில் மட்டும் 28 கலைஞர்களின் 120 படைப்புகள்.

குயிட்கா சாதாரண ஆள் இல்லை. படுக்கை மெத்தைகள் மேல் சாலை வரைபடங்களைத் தீட்டியவர். யாரும் தூங்க முடியாத மெத்தையில் யாரும் போகாத ஊர்களின் பெயர்கள். பாரிஸ் காட்சியில் டேவிட் லிஞ்சை அடிப்படையாக வைத்து ஒரு வரவேற்பறையையே எழுப்பினார். அந்தக் காட்சிகளை நான் நேரில் பார்க்கவில்லை. பார்க்காமல் எழுதலாமா என்றால், நான் பேசுவது சுவரில் தொங்கியதைப் பற்றி இல்லை. காட்சி சிறப்பாக இருந்திருக்கும் என்றே வைத்துக்கொள்கிறேன். மோசமாக இருந்தால் பிரச்சினையே இல்லையே, நிறுவனத்தின் அலங்காரம் என்று சிரித்துவிட்டுப் போயிருப்போம். சிறப்பாக இருப்பதால்தான் கேள்வி கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

மிலான் காட்சியின் துணைத்தலைப்பிலேயே இது குயிட்காவின் பார்வை என்று இருந்தது. அந்தச் சொல் செய்யும் வேலையைக் கவனியுங்கள். ஏன் இவர் இருக்கிறார், ஏன் அவர் இல்லை? அது அவருடைய பார்வை. ஏன் இதன் பக்கத்தில் அது? அவருடைய பார்வை. முப்பது வருஷம் காசோலையில் கையெழுத்துப் போட்டவர்கள் அந்த அறையிலிருந்து மெல்ல நழுவிவிடுகிறார்கள். டேட்டாபேஸ் வேலை பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். எவ்வளவு புத்திசாலித்தனமாக க்வெரி எழுதினாலும் டேபிளில் இல்லாத வரி வெளியே வராது. க்வெரி எழுதியவனைப் பாராட்டுகிறோம். டேபிளை நிரப்பியது யார், எதை விட்டுவிட்டார்கள் என்று கேட்பதில்லை.

கார்ட்டியே கதையில் இன்னொரு சுவாரசியம். அறக்கட்டளையைத் தொடங்கிய அலென் தொமினிக் பெரேன் அப்போது கார்ட்டியேயின் தலைவர். 1986-இல் பிரெஞ்சுக் கலாச்சார அமைச்சர் பிரான்சுவா லெயோத்தார், நிறுவனங்கள் கலைக்குப் பணம் கொடுப்பது பற்றி அறிக்கை தரச் சொன்னது அவரிடம்தான். 1987-இல் புரவலர் சட்டம் வந்தது. 2003-இல் வந்த சட்டம் இன்னும் தாராளம்: ஒரு வரம்புக்குள், நிறுவனம் கலைக்குக் கொடுக்கும் தொகையில் 60 சதவீதத்தை வரியிலிருந்தே கழித்துக்கொள்ளலாம். 100 யூரோ கொடுத்தால் 60 யூரோ அரசாங்கம் விட்டுக்கொடுத்தது. அப்படி வளரும் சேகரிப்பை, கம்பெனி சொத்து, உள்விவகாரம் என்று எப்படிச் சொல்ல முடியும்? 60 யூரோவுக்காவது கணக்குக் கேட்கலாம்தானே?

அதே திரியென்னாலேயில் 2023-இல் கார்ட்டியே அறக்கட்டளையோடு சேர்ந்து காடு பற்றி ஒரு காட்சி. கலை வடிவமைப்பு பிரேசில் ஓவியர் லூயிஸ் ஜெர்பினி. யானோமாமி பழங்குடி ஓவியர்களின் படங்களும் இருந்தன. அதே வருஷம் ஜனவரியில்தான் பிரேசில் அரசு யானோமாமி நிலத்தில் மருத்துவ அவசரநிலையை அறிவித்திருந்தது. பெரிய காரணம் சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்களும் ஆற்றில் கலக்கும் பாதரசமும். அந்தத் தங்கத்தைக் கார்ட்டியே வாங்குகிறது என்று நான் சொல்லவில்லை. அறக்கட்டளை 2003-இலிருந்தே யானோமாமிகளைப் பற்றிக் காட்சிகள் வைத்து வருகிறது, அது உண்மையான உழைப்பு. ஆனால் தங்கத்தை விற்கும் பெயரின் கீழ், தங்கத்தால் சாகும் காட்டின் படங்கள் தொங்குகின்றன. 'எங்கள் கடையின் தங்கம் எங்கிருந்து வருகிறது' என்று ஒரு பலகையை அதே அறையில் வைக்கும் உரிமை கலைஞனுக்கு உண்டா? அந்த உரிமை இல்லாவிட்டால் அவன் செய்தது க்யூரேஷன் இல்லை, இன்டீரியர் டிசைன்.

"இப்படியெல்லாம் எந்தக் கலைஞன் செய்வான்?" செய்திருக்கிறார்கள். 1974-இல் கொலோன் நகரின் வால்ராஃப்-ரிஷார்ட்ஸ் அருங்காட்சியகத்தின் ஒரு காட்சிக்கு ஹான்ஸ் ஹாக்கே ஒரு திட்டம் கொடுத்தார். அங்கே மானே 1880-இல் வரைந்த ஒரு சின்ன ஓவியம் இருந்தது, ஒரு கட்டு அஸ்பாரகஸ். அந்தப் படத்தை நடுவில் வைத்து, அது யார் யார் கைக்கெல்லாம் போனது, அவர்கள் என்ன தொழில் செய்தார்கள் என்று பத்துப் பலகைகளில் எழுதி மாட்டுவது. அவ்வளவுதான். ஒரு படத்தின் வலது பக்க நெடுவரிசைகள். படத்தை அருங்காட்சியகத்துக்கு வாங்கித் தந்த நண்பர்கள் அமைப்பின் தலைவர் ஹெர்மன் யோசெஃப் ஆப்ஸ், டாய்ச்சே பேங்க்கின் பெரிய தலை, 1938-இலேயே அதன் இயக்குநர் குழுவில் சேர்ந்தவர். ஹிட்லர் காலத்தில் அவர் வகித்த பதவிகளும் பலகையில் இருந்தன. அருங்காட்சியகம் மறுத்துவிட்டது. ஹாக்கே அதை ஊரில் ஒரு தனியார் கேலரியில் வைத்தார். டேனியல் பூரேன் அந்தப் பலகைகளின் நகல்களை, அருங்காட்சியகத்துக்குள் இருந்த தன் படைப்பின் மேலேயே ஒட்டினார். நிர்வாகம் அதை வெள்ளைத்தாள் போட்டு மூடியது.

மூடத் தோன்றுகிறது என்றால் அங்கே ஏதோ இருக்கிறது.

1992-இல் பால்டிமோரில் ஃப்ரெட் வில்சன் மேரிலாண்ட் வரலாற்றுச் சங்கத்தின் கிடங்கிலிருந்து வெள்ளிக் கோப்பைகளையும் அடிமை விலங்குகளையும் எடுத்து ஒரே கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். எழுதிய லேபிள் 'உலோக வேலைப்பாடு, 1793–1880'. அது கார்ப்பரேட் சேகரிப்பு இல்லை, ஆனால் வழி அதுதான். கிடங்கு மொத்தமும் திறந்திருந்ததால் அது நடந்தது. எடிட் செய்த பட்டியலைக் கொடுத்திருந்தால் அவரும் கோப்பைகளைத்தான் அழகாக அடுக்கியிருப்பார்.

புரவலர் இல்லாத கலை எங்கே இருக்கிறது, கோவில் கட்டியது மட்டும் யார் என்று ஒரு நண்பர் எப்போதும் கேட்பார். தஞ்சைப் பெரிய கோவிலையே எடுத்துக்கொள்வோம். யார் என்ன நகை கொடுத்தார், எடை எவ்வளவு, கோவில் பெண்கள் 400 பேர் எந்தத் தெருவில் குடியிருந்தார்கள் என்பது வரை சுவரில் வெட்டி வைத்திருக்கிறான் ராஜராஜன். பெருமைக்காகத்தான், ஜனநாயகத்துக்காக இல்லை. இருந்தாலும் கணக்கு சுவரிலேயே இருக்கிறது. நம் புரவலர்களுக்குப் பெருமை வேண்டும், கணக்கு மட்டும் வேண்டாம்.

கலைஞர்கள் பணம் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நான் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுகிறவன். அழைப்பு வந்தால் போகட்டும், கட்டணமும் கூட்டிக் கேட்கட்டும். ஆனால் முழு ஃபைலையும் கேட்க வேண்டும், அதில் எதை வேண்டுமானாலும் சுவரில் எழுதும் உரிமையைக் கேட்க வேண்டும். தராவிட்டால், தரவில்லை என்று பிரசுரத்தில் ஒரு வரி போட வேண்டும். நாமும் போஸ்டரைப் பகிர்வதற்கு முன் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்கலாம்.

அந்த மூத்த ஓவியர் போன வருஷம் போன் செய்தார். வேறொரு நிறுவனம், அதே மாதிரி அழைப்பு. பதினொரு படங்களின் கதையை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்தப் பையன் இப்ப வரையறதில்ல, தெரியுமா" என்றார்.

"இந்தத் தடவை முழு லிஸ்ட்டையும் கேளுங்க சார்."

"கேட்டா கூப்பிட மாட்டாங்களே தம்பி" என்றார். கேட்டாரா என்று எனக்கு இன்னும் சொல்லவில்லை.