ஆறு இதழுக்கு யார் பட்டா கொடுத்தது?

செஞ்சியில் குரோஷா பின்னி விற்கும் ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்ல ஒரு கட்டுரையாளருக்கு நான்கு பக்கம் தேவைப்பட்டிருக்கிறது. அந்தச் சொல்லை அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் துணிச்சலையாவது பாராட்டியிருப்பேன். எடுத்தாள்கை என்கிறார், தாக்கம் என்கிறார், மூலத்துக்கு நன்றி சொல்லும் பண்பு நம்மிடம் இல்லை என்று நாட்டுக்கே சேர்த்து வருத்தப்படுகிறார். கடைசிப் பத்தியில் அந்த அக்கா மன்னிப்புக் கேட்கும்வரை தாம் பின்னிய மேசைவிரிப்பை விற்கக் கூடாது என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். வழக்கு, சாட்சி, தீர்ப்பு மூன்றும் ஒருவர் கையிலேயே இருப்பது வசதிதான்.

சாட்சி என்று அவர் வைப்பது இரண்டு புகைப்படங்கள். இடது பக்கம் அவர் வடிவமைத்தது, வலது பக்கம் செஞ்சி அக்கா பின்னியது. இரண்டிலும் நடுவில் ஆறு இதழ்ப் பூ, அதிலிருந்து அறுகோணமாக விரியும் உடல், ஓரத்தில் பூவேலை. ஒருவரையொருவர் அறியாத இருவர் கையில் ஒரே வடிவம் பிறக்க வாய்ப்பே இல்லை என்பது அவருடைய வாதத்தின் ஆணிவேர். அதைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் எதுவும் நிற்காது. பிடுங்குவதும் கஷ்டமில்லை.

நூலைச் சுழற்றி ஒரு வளையம் போடுங்கள். அதற்குள் ஆறு சிங்கிள் குரோஷா. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டாகப் பின்னினால் 12. அதற்கடுத்த சுற்றில் ஒரு கண்ணி விட்டு ஒரு கண்ணியில் கூட்டினால் 18. பிறகு 24, 30, 36. சுற்றுக்கு ஆறு என்ற இந்தக் கூட்டல் எவருடைய கற்பனையிலும் உதித்ததல்ல. சிங்கிள் குரோஷாவில் ஒரு கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம். ஒரு சுற்று ஏறும்போது ஆரம் ஒரு கண்ணி அளவு கூடுகிறது, சுற்றளவு ஆறேகால் கண்ணிக்குக் கொஞ்சம் மேலே கூடுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆறு கண்ணி வேண்டும். நாலு கூட்டிப் பாருங்கள், விரிப்பு கிண்ணமாகக் குவியும். ஒன்பது கூட்டினால் ஓரம் அலை அலையாக எழும். (அந்த அலையையே வேண்டுமென்று வளர்த்து, கார்னெல் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் டைனா டைமினா 1997இல் அதிபரவளைய வடிவியலைக் கையில் தொட்டுப் பார்க்கும்படி பின்னிக் காட்டினார். வீட்டில் கணக்குத் தப்பினால் நமக்கும் அதே வடிவியல்தான் வருகிறது, பெயர்தான் கிடைப்பதில்லை.) டபுள் குரோஷாவில் கண்ணியின் உயரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அதனால் 12இல் தொடங்கிச் சுற்றுக்கு 12 கூட்டுகிறோம். கூட்டும் இடங்களைச் சுற்றுக்குச் சுற்று மாற்றிப்போட்டால் வட்டம் கிடைக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் ஆறு மூலைகள் தாமாகத் துருத்தும். அறுகோணம் வந்துவிட்டது. நடுவில் ஆறு இதழும் வந்துவிட்டது. இதில் கட்டுரையாளர் கண்டுபிடித்தது எது?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்றுகூட இதைச் சொல்ல மாட்டேன். அது தற்செயல். இது தற்செயலும் இல்லை. தட்டையாக ஒரு விரிப்பு வேண்டும் என்று ஊசியை எடுக்கும் எவரையும் கணக்கு இங்கேதான் கொண்டுவந்து நிறுத்தும். விழுப்புரத்தில் உட்கார்ந்து பின்னினாலும் ஒன்றுதான், டப்ளினில் உட்கார்ந்து பின்னினாலும் ஒன்றுதான்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளச் செஞ்சிப் பெண்களுக்கு வடிவமைப்பாளரின் விரிப்பு தேவையில்லை. மார்கழியில் விடிவதற்கு முன் எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் அவர் வந்து பார்க்கலாம். 7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி என்று சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்குக் கை தானாகப் போகும்: 4, 5, 6, 7, 6, 5, 4. கூட்டினால் 37. அதே புள்ளிகளை நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக எண்ணுங்கள். நடுவில் ஒன்று, சுற்றி 6, அதற்கு வெளியே 12, அதற்கும் வெளியே 18. கூட்டினால் அதே 37. மாவில் இருக்கும் இந்த 6, 12, 18தான் நூலிலும் முதல் மூன்று சுற்று. அந்தப் புள்ளிகளுக்குள் வரும் ஆறு இதழ்ப் பூவை நம் வாசல்கள் எத்தனை தலைமுறையாகப் பார்த்துவருகின்றன என்று எவராலும் சொல்ல முடியாது. இதைக் கையில் வைத்திருக்கும் பெண், ஊசியைப் பிடித்ததும் ஆறு இதழ் போட்டால் அது திருட்டா? பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பவர்கள் உண்டு. இவர் மாட்டுக்கொட்டகையில் நின்று குடித்தவரையும் பிடிக்கிறார்.

கோலத்துக்குள் விதி ஓடுகிறது என்பது பாட்டிமார் பெருமை மட்டுமில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1974இல் கோலங்களை இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினார்கள். சில விதிகளைத் திரும்பத் திரும்பச் செயல்படுத்தினால் கோலக் குடும்பங்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். விதி பொதுவாக இருந்தால் விளைவும் பொதுவாக இருக்கும். குரோஷாவிலும் அப்படித்தான்: சங்கிலி, சிங்கிள், டபுள், ட்ரெபிள், இவற்றைக் கூட்டுவது, குறைப்பது, விட்டுப் பின்னுவது. எழுத்து சில, இலக்கணம் கடுமை. சின்ன வாக்கியங்கள் இரண்டு பேர் வாயில் ஒரே மாதிரி வரத்தான் செய்யும்.

இங்கே கட்டுரையாளர் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்கிறார். அறியாமல் செய்தாலும் நகல் நகல்தான் என்று ஜார்ஜ் ஹாரிசனைக் கூட்டி வருகிறார். அவருடைய ‘மை ஸ்வீட் லார்ட்’ பாட்டு, ‘ஹீ இஸ் ஸோ ஃபைன்’ பாட்டின் மெட்டை மனதறியாமல் எடுத்துக்கொண்டது என்று அமெரிக்க நீதிமன்றம் 1976இல் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தப் பழைய பாட்டு 1963இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. பாட்டையே தொழிலாகக் கொண்ட ஹாரிசன் அதைக் கேட்டதில்லை என்று எவரும் நம்ப முடியாது, அவரே அப்படிச் சொல்லவில்லை. நம் வடிவமைப்பாளரின் விரிப்பு எந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தது? செஞ்சியில் யார் வீட்டில் அதன் படம் மாட்டியிருக்கிறது? பார்த்திருக்க வழி உண்டு என்று காட்டாமல் மனதறியாத நகல் என்று சொல்வது, மனத்துக்குள் புகுந்து பார்த்தேன் என்று சொல்வதற்குச் சமம். ஹாரிசன் வழக்குக்கு 40 ஆண்டு முன்பே, 1936இல், நீதிபதி லேர்னட் ஹேண்ட் இதன் மறுபக்கத்தைத் தெளிவாக எழுதிவிட்டார். கீட்ஸின் கவிதை ஒன்றைக் கேள்விப்பட்டே இராத ஒருவர் அதையே புதிதாக எழுதிவிட்டால், எழுதியவர் அவர்தான், உரிமையும் அவருக்குத்தான் என்றார்.

குரோஷாவுக்கென்றே ஒரு வழக்கு உண்டு. கட்டுரையாளர் அதையும் தொட்டிருக்கிறார், பாதியில் விட்டுவிட்டார். பிரான்ஸில் வேர்ல்ட் ட்ரிக்கோ என்ற சிறு பின்னலாடை நிறுவனம், தன் குரோஷா மாதிரியை ஷனெல் எடுத்துக்கொண்டது என்று வழக்குப் போட்டது. 2009இல் நகல் குற்றச்சாட்டு நிற்கவில்லை. 2012இல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் சிறிய நிறுவனத்தின் பக்கம் சாய்ந்து, ஷனெல் 2 லட்சம் யூரோ தரவேண்டும் என்றது. சின்னவர் பெரியவரை வென்ற கதை என்பதால் கட்டுரையாளர் அதில் தம் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார். அந்தச் சிறு நிறுவனம் ஷனெலுக்கே வேலை செய்து கொடுத்தது, மாதிரியை ஷனெல் கையிலேயே கொடுத்திருந்தது என்ற பாதியைச் சொல்லவில்லை. அங்கே பொருள் கைமாறிய தடம் இருந்தது. இங்கே என்ன தடம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சு ஒன்றுதான். இந்த வழக்கில் யார் சின்னவர், யார் பெரியவர் என்பதையும் அவர் ஒருமுறை யோசித்துப் பார்த்திருக்கலாம்.

நம் நாட்டுச் சட்டம் இன்னும் கறார். ஆர்.ஜி. ஆனந்த் 1953இல் எழுதிய ‘ஹம் ஹிந்துஸ்தானி’ நாடகத்தின் கதையைப் படக்காரர்களிடம் அவரே சொல்லியிருந்தார். பிறகு ‘நியூ டெல்லி’ படம் வந்தது. 1978இல் உச்ச நீதிமன்றம், கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, சொல்லும் முறைக்குத்தான் உண்டு என்று சொல்லி ஆனந்தின் வழக்கைத் தள்ளியது. கதையைக் காதில் கேட்டவர்கள் மீதே போட்ட வழக்கு அது. ஆறு இதழ் என்பது கருத்துகூட இல்லை, வடிவியல். சரி, விரிப்பின் தோற்றத்துக்கு உரிமை வேண்டும் என்றால் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்தால் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5. ஆனால் வடிவம் புதியதாக இருக்க வேண்டும். பதியத்தக்க வடிவமைப்பைப் பதியாமல் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் செய்துவிட்டால் பதிப்புரிமையும் போய்விடும் என்கிறது 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. ஊசியும் கையும் தொழில்முறையில் சேருமா என்பதை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். நம்மவர் பதிவு செய்ததாகக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

குரோஷா உலகில் திருட்டே இல்லை என்று நான் சொல்வதாக எவரும் திரிக்க வேண்டாம். தாராளமாக இருக்கிறது. ஒருவர் இரவெல்லாம் பின்னிப் பிரித்து எழுதிய செய்முறையை ஜெராக்ஸ் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்தவர் எடுத்த படத்தைத் தன் பொருள் என்று காட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது வயிற்றில் அடிக்கும் வேலை. அதைப் பிடிக்க ஒரு வழியும் உண்டு, பிழையைத் தேடுங்கள். ஒன்பதாம் சுற்றில் 54 என்று வரவேண்டிய இடத்தில் மூலத்தில் 56 என்று அச்சுப்பிழை விழுந்திருந்து, அடுத்தவர் செய்முறையிலும் அதே 56 நின்றால், மேற்கொண்டு பேச்சே வேண்டாம். இருவரும் சரியாகச் செய்தது பொருந்தினால் அது கணக்கு. இருவரும் ஒரே இடத்தில் தவறியிருந்தால் அது நகல். கட்டுரையாளர் காட்டும் பொருத்தமெல்லாம் சரியான இடங்களில்தான்.

செஞ்சிக்காரர்களுக்குத் திருட்டு என்றால் என்னவென்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெங்கட்ரமணர் கோயில் தூண்கள் பிரெஞ்சுக்காரர்களோடு புதுச்சேரிக்குப் போய்விட்டன. செஞ்சித் தூண்கள் இன்று அங்கே கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. இங்கிருந்தது இப்போது அங்கே இருக்கிறது, தடம் தெரிகிறது, அதற்குப் பெயர் எடுத்துப்போனது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் மதில் போட்டு இணைத்த இந்தக் கோட்டை மாதிரி வேறெங்கோ மலையை மதிலால் வளைத்திருந்தால் அதை எவரும் திருட்டு என்பதில்லை. சரிவான மலையில் எதிரியைத் தடுக்க வேண்டியிருந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

கட்டுரையாளரின் விரிப்பையும் கொஞ்சம் பார்ப்போம். ஓரத்தில் விசிறி வேலை. அது யாருடையது? மூலைகளில் மூன்று டபுள், இரண்டு சங்கிலி, மூன்று டபுள். பாட்டிச் சதுரம் பின்னும் எல்லோருக்கும் தெரிந்த மூலை அது. அந்தச் சதுரம் 1885லேயே அமெரிக்க இதழ் ஒன்றில் அச்சாகிவிட்டது. நன்றி சொல்லும் பண்பைப் பற்றி நான்கு பக்கம் எழுதியவர் இவற்றில் எதற்கும் எவருக்கும் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, அது பொதுச்சொத்து. தமக்குப் பொதுச்சொத்தாக இருப்பது செஞ்சி அக்காவின் கைக்கு வந்ததும் எப்படித் தனிச்சொத்தாகிறது என்பதை மட்டும் விளக்கினால் போதும்.

அந்த இரண்டு படங்களையும் நான் பெரிதாக்கி எண்ணிப் பார்த்தேன். அவருடையதில் ஒவ்வொரு சுற்றும் நழுவு கண்ணி போட்டு முடிகிறது, அதனால் ஒரு பக்கமாக ஒரு தழும்பு சாய்ந்து ஓடுகிறது. அக்காவுடையதில் தழும்பே இல்லை, சுற்று முடியாமல் சுருளாகப் போகிறது. அவருடைய இதழ் ஐந்து டபுளில் விரிகிறது, அக்காவுடையது இரண்டு ட்ரெபிளை ஒரே முடிச்சில் கூட்டிக் கூராக நிற்கிறது. ஓரத்தில் அங்கே விசிறி, இங்கே மூன்று சங்கிலியில் முள்முடிச்சு. பின்னத் தெரிந்தவருக்கு இவை இரண்டு வேறு விரிப்புகள். பின்னத் தெரியாதவருக்கு இரண்டும் வெள்ளை, இரண்டும் அறுகோணம்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த மாதம் வரும் என்று போட்டிருக்கிறார்கள். அதில் படங்களை விட்டுவிட்டு, முதல் சுற்றிலிருந்து ஓரம் வரை தம் விரிப்பின் கண்ணிக்கணக்கை அவர் அச்சிடட்டும். அக்காவின் கணக்கை அவரிடம் கேட்டு நான் எழுதித் தருகிறேன், பக்கத்திலேயே போடட்டும்.